இரண்டு பீரோ, இரண்டு மாப்பிள்ளைகள்

கொரோனா ஓய்ந்து பட்டறையில் மறுபடி வெல்டிங் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்த சமயம். காலை பதினொரு மணி இருக்கும். கட்டம் போட்ட சட்டையும் தோளில் பழுப்பு நிறப் பையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"நான் பீரோவுல இருந்து வர்றேன்" என்றார்.

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு 'பீரோ' மட்டும்தான் காதில் விழுந்தது. பீரோ செய்கிறவனுக்கு அது போதாதா? வாங்க வாங்க என்று கூட்டிப்போய், பெயிண்ட் காய்ந்து நின்ற மூன்றையும் காட்டினேன். ஆறரை அடி, நாலு தட்டு, உள்ளே ரகசிய லாக்கர் என்று கதவைத் திறந்து திறந்து மூடினேன். கல்யாணத்துக்கா, வீட்டுக்கா என்று கேட்டேன். கண்ணாடி வைத்தது வேண்டுமா, வைக்காததா என்றும் கேட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு லாக்கர் கைப்பிடியைத் திருகிக்கூடப் பார்த்தார். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார்.

"எனக்குப் பீரோ வேண்டாங்க. பாண்டியராஜ்னு ஒருத்தரைப் பத்தி விசாரிக்கணும். அவருக்கு நீங்க சகலைன்னு சொன்னாங்க."

கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன்.

இந்தத் தொடரில் இதுவரை எழுதியதைத் திரும்பிப் பார்த்தால், எனக்கு மற்றவர்கள் செய்த கெடுதல்கள்தான் அதிகம் இருக்கின்றன. அரிசி மில் பங்காளி, தகட்டு வியாபாரி, என்னை நடுவழியில் இறக்கிவிட்ட டாக்சிக்காரர் என்று வரிசையாக வந்துவிட்டார்கள். இந்த வாரம் நான் செய்தது.

எங்கள் பக்கத்துப் பீரோ

ராஜபாளையத்தில் பீரோ என்றால் இரும்புதான். மரத்தில் இருந்தால் அது அலமாரி. கல்யாணம் பேசும்போது 'கட்டில், மெத்தை, பீரோ' என்று ஒரே மூச்சில் சொல்லுவார்கள். பத்திரிகைக்காரர்களும் அந்தச் சொல்லை விட்டுவைக்கவில்லை. திறந்து கிடக்கும் ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டு பீரோவை இழுத்துத் திருடுகிறவர்களுக்கு 'பீரோ புல்லிங் ஆசாமிகள்' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் செய்தி வரும் வாரமெல்லாம் சுவரோடு சேர்த்துப் போல்ட் அடித்துத் தரச் சொல்லி நாலு பேர் வருவார்கள்.

அப்பா காலத்தில் நடந்த ஒன்று. பக்கத்து மில்லில் சங்கத் தலைவராக இருந்தவர் எங்கள் பட்டறையில்தான் பேப்பர் படிப்பார். ஒரு நாள் அவர், "அடுத்த வாரம் பொலிட்பீரோ கூடுது அண்ணாச்சி, முக்கியமான முடிவு எடுக்கப் போறாங்க" என்றாராம். அப்பா வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அது எத்தனை தட்டு வைத்தது என்று கேட்டாராம். தலைவர் செத்துப் போகும்வரை இதைச் சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சர்க்கார் ஆபீஸுக்கும் பீரோ என்று பெயர் உண்டு என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. நான் படித்து அந்தப் பீரோவுக்குத்தான் போகப் போகிறேன் என்று மனதுக்குள் ஒரு தீர்மானம்.

பி.எஸ்ஸி. இரண்டாம் வருடத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கல்லூரிக்குப் போன பையோடு பட்டறைக்கு வந்தேன். அதற்குப் பிறகும் மூன்று முறை சர்க்கார் வேலைக்கான பரீட்சை எழுதினேன். மூன்று முறையும் தகட்டுத் தூசி படிந்த கையால் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டு வந்ததோடு சரி. வயது வரம்பு தாண்டிய அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் ஒரு பீரோவுக்கு நானே முழுசாக பெயிண்ட் அடித்தேன்.

வில்லிபுத்தூர் வீடு

என் மனைவி சாந்தியின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயில் தேர் நிற்கும் தேர் முட்டிக்குப் பின்பக்கத் தெருவில். இரண்டே பெண்கள். மூத்தவள் சாந்தி. அவளுக்கு ஒன்பது வயது இளையவள் கோமதி. பன்னிரண்டு வருடம் அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. நான் போனால் அத்தை சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார்கள். மாமா தன் சாய்வு நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்காருவார். எனக்கென்று தனியாக ஒரு வெள்ளி டம்ளர் இருந்தது.

கோமதிக்கு மகாராஜபுரத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். விவசாயக் குடும்பம், கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வயல். பையன் பாண்டியராஜ் வெளி மாநிலத்தில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வத்திராயிருப்பில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். நல்ல உயரம், குறைந்த பேச்சு. எனக்குப் பிடித்திருந்தது. தனியார் பள்ளி வாத்தியார் என்பதும் அந்தப் பிடித்தலுக்கு ஒரு காரணம் என்று இப்போது தெரிகிறது.

முதல் தீபாவளிக்கு நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர் தன் கல்லூரி நாட்களின் கதை ஒன்றைச் சொன்னார். அவர் ஊருக்கு வந்துகொண்டிருந்த சாயங்கால பஸ்ஸைத் திடீரென்று நிறுத்திவிட்டார்களாம். வத்திராயிருப்பில் படிக்கிற பெண்பிள்ளைகள் இருட்டில் நடந்து வர வேண்டியிருந்தது. லீவுக்கு வந்த இவரும் ஊர்க்காரர்களோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் பதினோரு பேரை வேனில் ஏற்றிப்போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, மத்தியானம் எலுமிச்சைச் சோறு கொடுத்து, சாயங்காலம் அனுப்பிவிட்டது. வழக்கு எதுவும் இல்லை. அடுத்த வாரமே பஸ் வந்துவிட்டது.

"அந்த மண்டபத்துலதான் அண்ணே எங்க சித்தப்பா கல்யாணமும் நடந்துச்சு. அதுல சாப்பாடு இதைவிட மோசம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த வருடம் மத்திய அரசின் ஒரு பீரோவில் அவருக்கு அதிகாரி வேலை கிடைத்தது. எந்தப் பீரோ என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. எழுத்துப் பரீட்சை, நேர்முகம் எல்லாம் முடிந்து, ஆர்டர் தருவதற்கு முன்னால் ஆளைப் பற்றி ஊரில் செய்கிற விசாரணை மட்டும் பாக்கி. அதற்குள் வில்லிபுத்தூர் வீடு மாறிப்போனது.

ஆர்டர் வருவதற்கு முன்பே, கோயிலுக்கு வந்த யாரோ ஒரு அம்மாவிடம் அத்தை எங்கள் இருவரையும் காட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பெரியவரு பீரோ செய்யுதாரு. சின்னவரு பீரோவுல இருக்காரு." அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அத்தை விளக்கினார்கள். விளக்கம் முழுக்க இரண்டாவது பீரோவைப் பற்றியே இருந்தது. மாமா, சாய்வு நாற்காலியில் யாரை உட்காரச் சொல்வது என்று தெரியாமல் தானே உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். அதுகூடப் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வெள்ளி டம்ளரில் பாண்டியராஜுக்குக் காபி போனது. கோமதி தெரியாமல் எடுத்துக் கொடுத்திருப்பாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்குத்தான் எவர்சில்வர் டம்ளர் அன்றைக்குக் கையில் பிடிக்க முடியாதபடி சுட்டது.

ஒரு டம்ளருக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸில் ராஜபாளையம் வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.

நான் சொன்னது

விசாரணைக்கு வந்தவரை ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். டீ வந்தது. அவர் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். ஆள் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, யாரோடு சேருவார், வெளிநாட்டுத் தொடர்பு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகவே பதில் சொன்னேன். நல்ல பையன், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, அதிர்ந்து பேச மாட்டார்.

நல்லதாகச் சொல்லச் சொல்ல என் வாயே எனக்குக் கசந்தது. பட்டறை வாசலில் உட்கார்ந்து, மேலெல்லாம் பிரைமர் பவுடரோடு, இவருடைய பெருமையை நான் ஒரு சர்க்கார் நோட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் எழுதிக்கொண்டே போனார்.

"போலீஸ், கேஸ், அந்த மாதிரி எதுவும்?"

"ஒரு தடவை போலீஸ் பிடிச்சிட்டுப் போயிருக்கு சார்."

பேனா நின்றது. "எதுக்கு?"

எலுமிச்சைச் சோறுவரைக்கும் எனக்குத் தெரியும். பஸ் நம்பர்கூடத் தெரியும்.

"அது எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். மேற்கொண்டு ஏதாவது ஞாபகம் வந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு சீட்டில் நம்பரைக் குறித்துக் கொடுத்துவிட்டு, டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். கிரைண்டரைப் போடச் சொன்னேன். அன்று மத்தியானம் நன்றாகப் பசித்தது. இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பட்டறைக்கு வந்தவர்

ஒரு மாதத்தில் பாண்டியராஜோடு தேர்வானவர்களுக்கெல்லாம் ஆர்டர் வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை. வத்திராயிருப்புப் பள்ளிக்கூடத்தில் முன்பே ராஜினாமா கொடுத்திருந்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கோமதி உண்டாகியிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் பட்டறைக்கு வந்து நின்றார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பதற்றத்தில் ஒரு ஸ்டூலை எடுத்து என் துண்டாலேயே துடைத்துப் போட்டேன். டீ சொன்னேன். அவர் டீயை வாங்கிக் குடித்தார். பிறகு, "அண்ணே, ஆர்டர் வார வரைக்கும் இங்க ஏதாவது வேலை இருந்தா பாக்கேன்" என்றார்.

நிம்மதியில் உடனே சரி என்றேன்.

பட்டி பூசிய தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. விரல் நுனியெல்லாம் தேய்ந்து போகும். சகலைக்கு அந்த வேலையைக் கொடுக்கலாமா என்று பெயிண்டர் கந்தையா தனியாகக் கேட்டார். அவர் கேட்டதால்தான் அதையே கொடுத்தேன்.

பாண்டியராஜ் கஷ்டப்படுவதைப் பார்த்து என் மனது ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அவர் தேய்த்த தகடு தண்ணீர் மாதிரி வழவழவென்று இருந்தது. இரண்டே வாரத்தில் கந்தையா அவரை சார் என்று கூப்பிட ஆரம்பித்தார். முப்பது வருடமாக என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.

வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் கல்யாண பீரோ வாங்க வந்தது. பெண்ணின் அம்மா, பெரியம்மா, மாமன் எல்லாரும் ஆளுக்கு ஒரு கலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன். பாண்டியராஜ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஓரமாக நின்ற கல்யாணப் பெண்ணிடம், உனக்கு எந்தக் கலர்மா பிடிக்கும் என்று கேட்டார். அவள் மயில் கழுத்துக் கலர் என்றாள். அது மட்டும் அல்ல. அவளைக் கதவுக்கு எதிரே நிற்கச் சொல்லி, அவள் முகம் தெரிகிற உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, கண்ணாடியை அங்கே பதிக்கச் சொன்னார்.

எத்தனை நூறு கல்யாண பீரோ செய்திருப்பேன். எல்லாவற்றுக்கும் அப்பா வைத்த உயரத்திலேயே கண்ணாடி பதித்தேன். எத்தனை பெண்கள் குதிகாலை உயர்த்திப் பொட்டு வைத்துக்கொண்டார்களோ.

இன்னொரு நாள் டீ நேரத்தில் கந்தையா பாண்டியராஜிடம் கேட்டார். ஆபீஸுக்கும் பீரோ, இதுக்கும் பீரோ, எப்படி சார் ரெண்டும் ஒரே பேராச்சு? நான் இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி. அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. அது பிரெஞ்சுக்காரர்களின் சொல். முதலில் ஒரு முரட்டுக் கம்பளித் துணிக்குப் பெயர். எழுதுகிற மேசையில் அதை விரிப்பார்கள். துணியின் பெயர் மேசைக்கு வந்தது. மேசையின் பெயர் அது இருந்த அறைக்கு வந்தது. அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த ஆபீஸுக்கே பிறகு அந்தப் பெயர் ஆகிவிட்டது.

"நம்ம பக்கம் வந்ததும் சேலை துணிமணி வைக்கிற இடத்துக்குப் பேராச்சு. துணியில கிளம்புனது, சுத்திச் சுத்தித் திரும்பத் துணிகிட்டயே வந்துட்டு பாருங்க" என்றார்.

கந்தையா ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனேன். என் தொழில், என் அப்பாவின் தொழில், அதன் பெயரைக்கூட இவர்தான் வந்து எனக்குச் சொல்ல வேண்டுமா? இப்படி ஒரு பேச்சு என் வாயில் ஏன் வரவில்லை? அன்று முழுவதும் அவர் தேய்த்த தகட்டில் குறை தேடினேன். ஒரு இடத்தில் நகக்கண் அளவு மேடு இருந்தது. அதைச் சொல்லி எல்லார் முன்னாலும் திட்டினேன். அவர் சரி அண்ணே என்று மறுபடி தேய்த்தார்.

வளைகாப்பு

கோமதிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. வில்லிபுத்தூர் வீட்டில் கூட்டம். வந்தவர்கள் எல்லாம் அத்தையிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், சின்ன மாப்பிள்ளைக்கு ஆர்டர் வந்துவிட்டதா என்று. அத்தை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். கடைசியில் பதில் சொல்லாமல் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்கள்.

சாந்தியின் பெரியப்பா மகன் ஒருவன் இலையில் உட்கார்ந்தபடியே உரக்கச் சொன்னான். "இப்ப ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே பீரோவுலதான் இருக்காவ."

பந்தி சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்திருப்பேன். பாண்டியராஜ் கூட்டு வாளியோடு குனிந்து பரிமாறிக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார். கரண்டியைப் பிடித்திருந்த விரல்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

தற்செயலாகக் கூடத்துப் பக்கம் பார்த்தேன். மனையில் உட்கார்ந்திருந்த கோமதிக்கு இரண்டு கை நிறைய வளையல். கன்னத்தில் சந்தனம். அவள் புருஷனின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அத்தான், சைக்கிளுக்குக் காத்து அடிச்சுத் தாங்க என்று வந்து நிற்பாள். அந்த முகத்தை அன்று என்னால் மேற்கொண்டு பார்க்க முடியவில்லை. பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை, விசாரணைக்கு வந்தவர் நம்பர் குறித்துக் கொடுத்த சீட்டைத் தேடி எடுத்துப் போன் போட்டேன்.

மதுரையில் ஒரு அறை

அந்த அதிகாரி மதுரைக்கு வரச் சொன்னார். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அவருடைய அறை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இன்னொரு பீரோவுக்குள் போகிறேன். சுவர் ஓரமாக ஐந்தாறு இரும்பு பீரோக்கள் நின்றன. கீல் இறங்கிப்போய், கதவு மூடாமல், ஒன்றைச் சணலால் கட்டியிருந்தார்கள். நான் எந்த இடத்தைப் பார்த்து இத்தனை வருடம் ஏங்கினேன் என்று ஒரு நொடி தோன்றியது. அப்போதும் அங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு நான் முழுசாச் சொல்லல சார். எதுக்குப் பிடிச்சாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்து, பஸ் நின்றதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியும் கொண்டுபோயிருந்தேன். என்னால்தான் அவருக்கு ஆர்டர் நிற்கிறது, என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கடிதத்தை வாங்கவில்லை.

"நீங்க சொன்ன மறுநாளே மகாராஜபுரம் போயிட்டேன். ஊரே சொல்லுச்சு. அதுல ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே எழுதிட்டேன்" என்றார்.

அப்படியானால் ஆர்டர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். பாண்டியராஜ் படித்த வெளி மாநிலத்து ஊரிலிருந்து வர வேண்டிய அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை, இரண்டு முறை நினைவூட்டியாயிற்று, வந்ததும் ஆர்டர் போய்விடும் என்றார்.

"நான் சொன்னதால இல்லையா சார்?"

"இருபத்தி ரெண்டு வருஷமா இந்த வேலை பாக்கிறேன். பங்காளியும் சகலையும் சொல்றதை நான் தனியா ஒரு ஓரத்துல எழுதி வச்சுக்குவேன். அவ்வளவுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது தினமும் பார்க்கிற சமாச்சாரம்.

பஸ்ஸில் திரும்பும்போது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். திருமங்கலம் தாண்டும்வரை இருந்தது. அதற்குப் பிறகு ஒரு அவமானம் மேலே ஏறி வந்தது. இத்தனை மாதம் என்னை ஒரு பெரிய பாவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் இருந்தவருக்கு நான் ஓரத்தில் எழுதப்பட்ட ஒரு சகலை. நான் செய்த கெடுதலுக்குக்கூட அங்கே மதிப்பில்லை. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொன்னது சொன்னதுதான். பாண்டியராஜ் அழிந்துபோகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அறிக்கை எந்த ஊரில் தங்கியிருந்தால் என்ன?

ரயிலடி

மூன்று வாரத்தில் ஆர்டர் வந்தது. வடக்கே ரொம்பத் தூரத்தில் பயிற்சி. பத்து நாளுக்குள் சேர வேண்டும். குழந்தை பிறப்பதைப் பார்க்காமலே பாண்டியராஜ் கிளம்பினார். கோமதியால் வர முடியாது என்பதால் வில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு நானும் மாமாவும்தான் போனோம். மதுரை பாசஞ்சர் வரக் கால்மணி நேரம் இருந்தது. மாமா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார்.

சிமெண்ட் பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். நான் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. அன்று பட்டறைக்கு ஆள் வந்தது, அவர் கேட்டது, நான் தெரியாது என்றது, எல்லாம்.

அவர் சூட்கேஸ் பட்டையைச் சரிசெய்துகொண்டே கேட்டார். நான் முடித்ததும், "தெரியும் அண்ணே" என்றார்.

சூட்கேஸை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே சொன்னார்.

"அந்த ஆபீசர் என்கிட்டயும் வந்தாரு. ஒங்க பேரைச் சொல்லல. போலீஸ் பிடிச்சதா ஒருத்தர் சொன்னாரு, எதுக்குன்னு அவருக்குத் தெரியலன்னாரு. எங்க ஊர்ல எதுக்குன்னு தெரியாத ஆளு கிடையாது. வெளியாள்ல நான் ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன்."

பட்டறைக்கு வந்த அன்றே தெரியுமா என்று கேட்டேன்.

"சண்டை போடத்தான் வந்தேன். நீங்க துண்டை எடுத்து ஸ்டூலைத் தொடச்சீங்க. அதைப் பாத்த பொறவு எப்படிக் கேக்க? வாய்ல வேலை கேக்கதான் வந்துச்சு."

என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னார். "மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன் அண்ணே. கோமதிகிட்ட நான் சொல்லல. நீங்க சொல்லிருங்க."

மாமா தண்ணீரோடு வந்துவிட்டார். ரயிலும் வந்தது. நான் சூட்கேஸை ஏற்றிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை, விலக்கவும் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஐந்து மாதம் தெரிந்துகொண்டே என் பட்டறையில் உட்கார்ந்து தகடு தேய்த்திருக்கிறார். என் திட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். என்னால் ஐந்து நாள் அப்படி இருந்திருக்க முடியாது. ரயில் கிளம்பி ஓடுகிறது, மாமா கண்ணைத் துடைக்கிறார், நான் அந்த மனுஷனுடைய பொறுமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு நிற்கிறேன்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகு கோமதியிடம் சொன்னேன். பிள்ளையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். பிள்ளையைத் திருப்பிப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்காவுக்குத் தெரியுமா அத்தான்?"

இல்லை என்றேன்.

"சொல்லிராதீங்க. அவ ஒங்களை ரொம்ப நல்லவர்னு நெனைச்சுக்கிட்டு இருக்கா."

அவர்கள் இப்போது வடக்கில் குடும்பமாக இருக்கிறார்கள். வருடம் ஒருமுறை வருவார்கள். பாண்டியராஜ் பட்டறைக்கு வந்து கந்தையாவோடு டீ குடித்துவிட்டுப் போவார். கோமதி என்னிடம் தேவைக்குப் பேசுவாள். அவள் சொன்னபடி இத்தனை வருடமும் சாந்தியிடம் சொல்லாமல்தான் இருந்தேன்.

இந்தத் தொடருக்கு நான் எழுத எழுத, முடித்த பக்கங்களை சாந்திதான் வந்து எடுத்துப் போவாள். அடுப்படியில் உட்கார்ந்து படித்துவிட்டு, அங்கங்கே எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, மீதியைக் கொண்டாங்க என்று வந்து நிற்பாள். இன்று காலையும் முதல் நான்கு பக்கத்தை எடுத்துப் போனாள். நான் தடுக்கவில்லை. பட்டறைக்கு ஆள் வந்ததும், தெரியாது என்று நான் சொன்னதும் அதில் இருக்கின்றன.

அவள் போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மீதியைக் கேட்டு இன்னும் வரவில்லை.